வரிசையில் இரண்டாவது உத்தரவு

"துடைச்சு வைக்கத்தான் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கச் சொன்னேனா நான்—"

"பிடுங்காம எப்படி சார் துடைக்க, ஈரத்துணியோட கையை உள்ள விட்டு நான் சாகவா—"

"போன வருசமும் ஆயுத பூஜை வந்துச்சு, அதுக்கு முந்தின வருசமும் வந்துச்சு, அப்பல்லாம் சாகாத மிஷின்—"

"மிஷின் சாகல சார். காலையிலேருந்து அதைத்தான் சொல்லுதேன். மிஷின் உயிரோட இருக்கு, சர்வரும் உயிரோட இருக்கு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தைதான் இல்ல."

வெள்ளாற்றூர் மாவட்ட அச்சு நிலையம் பூஜை விடுமுறை முடிந்து திறந்த முதல் நாள் அது. கண்காணிப்பாளர் சங்கரநயினார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற பெனிட்டா தரையில் சம்மணம் போட்டு மடிக்கணினியை மடியில் வைத்திருந்தாள். இருவருக்கும் நடுவில் பீரோ உயரத்துக்கு நின்றது முத்திரை அச்சு இயந்திரம். அதன் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. செவ்வந்தி மாலை வாடித் தொங்கியது. யாருக்கோ தலையாட்டுவதுபோல ஒரு பச்சை விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமிவரை தொடக்கூடாது. தட்டச்சு இயந்திரங்கள் இருந்த காலத்திலிருந்தே அந்த அலுவலகத்தில் அப்படித்தான். பெனிட்டா ஞாயிறு தவறாமல் தன் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிற உரிமையை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். வருசம் முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிறது நான்தானே, அதுக்கு ஓய்வு கொடுக்கிறதும் நானாகத்தான் இருக்கணும் என்பாள். இந்த வருசமும் பூஜைக்கு முந்தின மத்தியானமே துணியும் வாளியுமாக வந்து, பிளக்கைப் பிடுங்கி, உடம்பெல்லாம் துடைத்து, மாலை போட்டாள். பிடுங்குவதற்கு முன்னால் சர்வரில் எதாவது காத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

காத்திருந்தது. இப்போது திரையில் வரிசையின் தலைமாட்டில் நிற்கிறது. உத்தரவு எண், அதன் வகை, ஆளின் பெயர், இவ்வளவுதான் திரை காட்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தாளில் விழுந்த பிறகுதான் யாருக்கும் தெரியும். முதல் வரியில் 'விடுவிப்பு, தங்கமாடன்' என்று இருந்தது. அதற்கு அடியில் நிலப் பெயர்மாற்றங்கள், ஒரு தத்து, இரண்டு கல்யாணப் பதிவுகள் என்று நீண்டுகொண்டே போனது.

பூஜைக்கு முந்தின மத்தியானமே விழுந்திருக்க வேண்டியது. விழுந்திருந்தால் அந்தத் தங்கமாடன் விடுமுறையை வீட்டில் கழித்திருப்பான். ஜெயிலில் கழித்தான்.

வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு பெண் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பெயர் ராஜகனி, தங்கமாடன் சம்சாரம் என்று சங்கரநயினார் விசாரித்து வைத்திருந்தார். முப்பது வயசு இருக்கும். இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெனிட்டா ஒரு தடவை தண்ணீர் குடிக்கப் போனபோது எழுந்து நின்றாள்.

"மிஷின் சரியாயிருமா மேடம்?"

சரியாக்கிவிடுவேன், இன்றைக்கே விழுந்துவிடும், கவலைப்படாதீங்க என்று பெனிட்டா சொன்னாள். சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னிக்கே விழணும் மேடம். நாளைக்குன்னா பிரயோஜனமில்ல."

அந்த வார்த்தை உள்ளே வந்த பிறகும் பெனிட்டாவின் காதைவிட்டுப் போகவில்லை. சங்கரநயினாரோடு போட்ட சண்டையெல்லாம் அதனால்தான். பிளக்கைப் பிடுங்கின கை யாருடையது என்று அவளுக்கே தெரியும்.

அவள் மறுபடியும் சர்வரிலிருந்து இயந்திரத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது. இருக்கிறேன் என்றது. சரி என்று ஒரு சோதனைத் தாளை அனுப்பினாள். அச்சாகிவிட்டது என்றது சர்வர். இயந்திரத்தின் தட்டில் ஒன்றும் இல்லை. இன்னொரு தாள் அனுப்பினாள். அதுவும் அச்சாகிவிட்டதாம். ஆனால் முத்திரை உத்தரவை அனுப்பினால் மட்டும் சர்வர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அதை மறுபடியும் வரிசையிலேயே கொண்டுவந்து வைத்துவிடும். கேபிளைக் கழற்றி மாட்டினாள். இயந்திரத்தை அணைத்துப் போட்டாள். சந்தனம் உள்ளே எங்கேயாவது வழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். வழியவில்லை என்று தெரிந்ததும் சங்கரநயினாருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்போதுதான் கேன்டீன் மாஸ்டர் காந்திமதிநாதன் கழுத்தில் ஒரு நீளமான தாள் சுருளை மாலைபோலப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். காலையிலிருந்து டோக்கன் மிஷின் பேய் பிடித்த மாதிரி துப்பிக்கொண்டே இருக்கிறதாம். இட்லி என்று அமுக்கினால் இட்லி டோக்கன் வருகிறது. அமுக்காமலே இதுவும் வருகிறது. சுருளைக் கழற்றி மேசைமேல் போட்டார். விரலகலத் தாளில் கத்தரித்துக் கத்தரித்து ஓடியிருந்தது பெனிட்டா அனுப்பின சோதனைத் தாள்.

அவள் சுருளைப் பார்த்தாள். திரும்பி இயந்திரத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"சார், நான் இவ்வளவு நேரமா இட்லி மிஷின்கிட்ட பேசிட்டிருந்திருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். இந்த வளாகத்தில் உள்ள ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு எண் உண்டு. நம் இயந்திரத்துக்கு அந்த எண்ணை நிரந்தரமாக எழுதிவைக்காமல், யாரோ முன்னாலேயே தானாக வாங்கிக்கொள் என்று விட்டிருக்கிறார்கள். முந்தின பூஜைகளுக்கு அணைத்தபோது அந்த எண்ணை எடுக்க வேறு ஆள் இல்லை, திரும்ப அதுவே கைக்கு வந்தது, யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை பூஜைக்கு அணைத்து நீண்ட நேரம் போட்டோம். சும்மா கிடக்கிற எண்தானே என்று புது டோக்கன் மிஷினுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது ரூட்டர்.

"டிரெயின்ல இறங்கி டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நம்ம சீட்டுல வேற ஆள் உக்காந்த மாதிரி," என்றாள். "சர்வர் பாவம், சீட்டு நம்பரைத்தான் பார்க்குது, ஆளைப் பார்க்கல. கூப்பிட்டா பதில் வருது. ஆனா பதில் சொல்லுதது நம்ம ஆள் இல்ல. சாதா தாளை அது வாங்கிக்கிடும். முத்திரைத் தாள்னா, சாவி எங்கன்னு சர்வர் கேக்கும். இட்லி மிஷின்கிட்ட ஏது சாவி?"

மாஸ்டருக்கு அதற்கு மேல் ஒரு சந்தேகம். உத்தரவு கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறதே, ஜெயிலுக்கு ஒரு போனைப் போட்டுச் சொன்னால் முடியாதா, வெளியே அந்தப் பிள்ளை காலையிலிருந்து பச்சைத்தண்ணியோடு உட்கார்ந்திருக்கிறதே என்றார்.

"உம்ம மருமகன் மூஞ்சியோட எவனோ வீடியோவுல வந்து, மக ஆஸ்பத்திரியில கெடக்கான்னு அழுதானே," என்றார் சங்கரநயினார். "வீட்டைத் திறந்து போட்டுட்டு மதுரைக்கு ஓடுனீரா இல்லியா? அது மாதிரி ஜட்ஜ் குரல்ல எவனும் ஜெயிலுக்குப் பேசலாம்வே. பேசுனானுவோ. கொலைகாரன் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தான். அதுக்குத்தான் தாள் சட்டம். திரையில இருக்கது, போன்ல வர்றது எதையும் அரசாங்கம் நம்பாது. முத்திரை மையில தாள்ல விழுந்தாத்தான் உத்தரவு. அதுவும் ஒரே ஒருக்காத்தான் விழும். விழாதவரைக்கும் அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது."

அப்ப அந்தப் பிள்ளை புருசன் விடுதலை ஆயிட்டானா ஆகலியா என்று கேட்டார் மாஸ்டர். ஆகவில்லை என்றார் சங்கரநயினார். மாஸ்டர் தாள் சுருளை விட்டுவிட்டு, நல்ல காலம்வே இது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு வேலை சுருக்காக நடந்தது. பெனிட்டா கேன்டீனுக்குப் போய் டோக்கன் மிஷினுக்கு வேறு எண் கொடுத்தாள். பழைய எண்ணை இயந்திரத்தின் பெயரில் நிரந்தரமாக எழுதி, இனி யாருக்கும் கொடுக்காதே என்று ரூட்டரிலும் பூட்டினாள். சோதனைத் தாள் இந்தத் தடவை ஒழுங்காக, அகலமாக, தட்டில் வந்து விழுந்தது. சங்கரநயினார் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

வரிசையைத் திறந்துவிட வேண்டியதுதான் பாக்கி. திறப்பதற்கு முன் அவள் அடியிலிருந்து மேலே ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். பிடுங்குவதற்கு முன் பார்க்காமல்விட்டதற்கு இப்போது பார்த்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் இரண்டாவது வரி கண்ணில் பட்டது. காலையில் அவள் பார்க்கும்போது அது அங்கே இல்லை. விடுமுறை நாளில் உட்கார்ந்த அவசர நீதிமன்றம் போட்டது, சற்றுமுன்தான் வந்திருக்கிறது. ஒரே ஆளைப் பற்றிய உத்தரவுகளைச் சர்வர் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடும்.

'நிறுத்தம், தங்கமாடன்.'

அவள் சத்தம் போடாமல் சங்கரநயினாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். முதல் தாள் விழும். அதன் பின்னாலேயே, மை காய்வதற்குள், இரண்டாவது தாள் விழும். ஜெயில் தபேதார் வந்து இரண்டையும் ஒரே பையில் போட்டுப் பூட்டி எடுத்துப் போவார். ஜெயிலில் இரண்டையும் பிரித்து, இரண்டாவதைப் படித்து, முதலாவதைக் கிழிப்பார்கள். தங்கமாடன் உள்ளேயே இருப்பான்.

"அன்னிக்கு விழுந்திருந்தா அவரு வெளிய வந்திருப்பாரு சார்," என்றாள் பெனிட்டா. "வெளிய வந்தவரைப் பத்தி நிறுத்தம் வந்தா அது செல்லாது. சட்டம் அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அப்ப அவரு உள்ள கெடக்கதுக்குக் காரணம் கோர்ட்டு இல்ல. நான்தான்."

சங்கரநயினார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரிசையில் எதையும் அழிக்க முடியாது, முன்பின்னாக மாற்ற முடியாது. ஆனால் மை மாற்றுவதற்காக எந்த இடத்திலும் நிறுத்திவைக்கலாம். எவ்வளவு நேரம் என்று எந்த விதியிலும் இல்லை. காரணம் கேட்கிறவரும் இல்லை. தபேதார் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருவார், விழுந்திருப்பதை மட்டும்தான் எடுப்பார்.

"நாம தபால்பெட்டிம்மா," என்றார் அவர். "தபால்பெட்டி எந்தக் கடுதாசி போகணும், எது கெடக்கணும்னு பார்க்கலாமா?"

"பூஜைக்கு மூடிக்கிட்ட தபால்பெட்டி சார் நாம. அன்னிக்கு நடந்திருக்க வேண்டியதை இன்னிக்கு நடத்துதேன், அவ்வளவுதான். கூட ஒண்ணும் செய்யல."

அவன் என்ன கேஸோ என்றார் அவர். விடலாம் என்று ஒரு ஜட்ஜ் சொல்லியிருக்கிறாரே என்றாள் அவள். வேண்டாம் என்று இன்னொரு ஜட்ஜும் சொல்லியிருக்கிறாரே என்றார். அவள் கதவின் பக்கம் கையைக் காட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெஞ்சு.

சங்கரநயினார் வெகுநேரம் மாலையிலிருந்து உதிர்ந்த செவ்வந்தி இதழ்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு ஒரு டீ குடிக்கணும்போல இருக்கு என்றார். அவருக்கு டீ பழக்கம் கிடையாது. சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு கேன்டீன் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

தபேதார் உச்சிமாகாளி வழக்கம்போல மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வந்தார். தோளில் பூட்டுப்பை. பூஜைக்கு வடை உண்டா, பொரியோடு விட்டீர்களா என்று கேட்டார். பெனிட்டா வரிசையைத் திறந்தாள். இயந்திரம் ஒரு தடவை பெருமூச்சு விட்டு, முதல் தாளைத் தள்ளியது. நீல முத்திரை, நீதிபதி கையெழுத்து. அவள் விரல் உடனே நிறுத்தப் பொத்தானை அமுக்கியது. பச்சை விளக்கு மஞ்சளானது.

"ஒண்ணுதானாம்மா? இவ்வளவு நாளு லீவுக்கு ஒண்ணுதானா?"

மை தீர்ந்துவிட்டது அண்ணாச்சி, மாற்றணும், மற்றதெல்லாம் நாளைக்கு என்றாள். அவர் தாளைப் படித்தார். ஒருத்தன் வீட்டுக்குப் போறான், நல்ல காரியம்தான் என்று சொல்லிப் பையில் போட்டுப் பூட்டினார். வாசலில் அவருடைய ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அது போய் மறைகிறவரை பெனிட்டா ஜன்னலோரம் நின்றாள். முகத்தைக் கழுவினாள். சங்கரநயினார் கேன்டீனிலிருந்து திரும்பி வந்து, ஒன்றும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அவள் கதவைத் திறந்துகொண்டு பெஞ்சுக்குப் போனாள்.

பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்தைத் தாழ்த்தி, விழுந்துவிட்டது என்றாள்.

ராஜகனி கண்ணை மூடித் திறந்தாள். "நல்லா இருப்பீங்க மேடம்."

ஜீப்பும் போய்விட்டது, சாயங்காலத்துக்குள் உங்க வீட்டுக்காரர் வெளியே வந்துவிடுவார் என்றாள் பெனிட்டா. இன்னொரு உத்தரவு அவரைத் தடுக்கிறதுக்கு வந்திருந்தது, அதை மட்டும் விழாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீங்க என்றாள்.

ராஜகனி அவளைப் பார்த்தாள். கோபமாகவோ பயமாகவோ பார்த்ததாகத் தெரியவில்லை. கணக்கு சரியாக வராதபோது மறுபடியும் கூட்டிப் பார்க்கிறவர்கள் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து மடியில் வைத்தாள். விரல்கள் நான்கும் உள்ளங்கையோடு உருகி ஒட்டிப்போயிருந்தன.

"அந்த இன்னொண்ணு நான் போட்ட மனு மேடம்."

பெனிட்டா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரை விட்டுட்டாங்கன்னுதான் முதல்ல சொன்னாங்க. வக்கீலய்யாதான் சொன்னாரு, பூஜைக்கு மிஷினை அணைச்சிட்டாங்களாம், தாள் விழல, இன்னும் நேரம் இருக்குன்னு. நான் அந்த மிஷினுக்கு மனசுக்குள்ள சூடங்கொளுத்திக் கும்பிட்டேன். பிள்ளைங்க ரெண்டையும் எங்கம்மா வீட்டுல விட்டுட்டு ஓடிப்போய் மனு போட்டேன். அந்த ஜட்ஜம்மா என் கையைப் பார்த்தாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

காலையிலிருந்து அவளிடம் எல்லாரும் ஏதேதோ சொன்னார்கள். மிஷின் சரியாகிவிடும் என்றார்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், கவலைப்படாதே என்றார்கள். எந்த உத்தரவுக்காகக் காத்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெனிட்டா உள்ளே ஓடினாள். மஞ்சள் விளக்கு பச்சையானது. இரண்டாவது தாள் சூடாக வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே நிலங்களும் தத்தும் கல்யாணங்களும் விழ ஆரம்பித்தன. சங்கரநயினார் அந்தத் தாளைப் படித்தார். படித்துவிட்டு நின்றுகொண்டே ஜெயிலுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்து ஆள் மரியாதையாகவே பேசினார். சார், நீங்க சங்கரநயினாராவே இருக்கலாம், ஆனா உங்க குரல்ல யாரும் பேசலாமே, தாளைப் பையில அனுப்புங்க என்றார். உச்சிமாகாளிக்குப் போட்டார்கள். போனில் யார் கூப்பிட்டாலும் வண்டியைத் திருப்பாதே என்பது அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவர் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். மறுபடி போட்டபோது அணைத்திருந்தார். நானே ஸ்கூட்டரில் கொண்டுபோகிறேன் என்றாள் பெனிட்டா. பூட்டுப்பையில் வராத தாளை ஜெயில் வாசலில் தொடக்கூட மாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் தாளைக் கேட்டார்கள். தாள் கையில் இருக்கிறது, ஆனால் பை வராமல் அது இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்றார் சங்கரநயினார். அப்படியென்றால் பை வந்த பிறகு பேசலாம் என்றார்கள்.

இதையெல்லாம் ராஜகனி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரையும் ஏசவில்லை. பெனிட்டா தாளைக் கையில் பிடித்தபடி அவளிடம் வந்தாள். ராஜகனி முந்தானையை இழுத்து இடது கையை மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டாள்.

"அவரு வெளிய வந்தா, ஜெயில் வாசல்லேருந்து எங்கம்மா ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் இருக்குன்னு தெரியுமா மேடம்?"